நூறு ரூபாயில் எவ்வளவு போய்ச் சேரும்?

கொழும்பில் ஏதாவது ஒரு சங்கத்தில் பொருளாளராக இருந்தவர் எவரும் இந்தக் கேள்விக்குத் தப்பியிருக்க மாட்டார்: "அண்ணை, நான் தாற நூறு ரூபாயில எவ்வளவு அந்தப் பிள்ளையளுக்குப் போய்ச் சேரும்?" ரொறன்ரோவிலிருந்து நள்ளிரவில் அழைத்துக் கேட்பார்கள். கோயில் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கேட்பவர் எதிர்பார்ப்பது ஓர் எண்: எண்பது, தொண்ணூறு, முடிந்தால் நூறு. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. ஒரே சங்கம், ஒரே ஆண்டு, ஒரே காசு. ஆனால் 91 என்றும் சொல்லலாம், 86 என்றும் சொல்லலாம், 62 என்றும் சொல்லலாம். மூன்றிலும் பொய் கிடையாது.

கணக்குப் போட்டே பார்ப்போம். கீழே வரும் சங்கம் கற்பனை. தொகைகளும் விளக்கத்துக்காக நான் போட்டவை.

ஒரு சங்கம், மூன்று விடைகள்

வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் கராஜில் இயங்கும் சங்கம். மலையகத் தோட்டப் பாடசாலைகளில் படிக்கும் 150 மாணவருக்கு மாதம் 2,000 ரூபா உதவிப்பணம் கொடுக்கிறது. ஆண்டுக்கு 36 இலட்சம். ஹட்டனில் ஒரு கள உத்தியோகத்தர் இருக்கிறார். மாதச் சம்பளம் 60,000, ஆண்டுக்கு 7.2 இலட்சம். அவருடைய பஸ், ரயில் செலவும் பெற்றோர் கூட்டங்களும் 1.8 இலட்சம். சனிக்கிழமைகளில் கணிதமும் ஆங்கிலமும் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர்களுக்கு 5 இலட்சம். இதுவரை 50 இலட்சம்.

கொழும்பில் பகுதிநேரக் கணக்காளர் ஒருவருக்கு மாதம் 30,000, அது 3.6 இலட்சம். கணக்காய்வுக் கட்டணம் 90,000. தொலைபேசி, வங்கிக் கட்டணம், அச்சு எல்லாம் சேர்த்து 70,000. ஆக நிர்வாகம் 5.2 இலட்சம். வருடத்துக்கு ஒரு இசை நிகழ்ச்சி நடத்துகிறார்கள். மண்டபம், ஒலி, டிக்கெட் அச்சடிப்பு 2.8 இலட்சம். மொத்தச் செலவு 58 இலட்சம். வருமானம் 60 இலட்சம்: நன்கொடை 48, நிகழ்ச்சி டிக்கெட் 12. மீதி 2 இலட்சம் வங்கியில் கிடக்கிறது.

இப்போது கேள்வி. கள உத்தியோகத்தர் எந்தப் பக்கம்? அவரையும் வகுப்பு ஆசிரியர்களையும் மாணவருக்கான வேலையிலேயே சேர்த்தால் 58இல் 50, அதாவது 86 வீதம் "திட்டச் செலவு". பிள்ளையின் கையில் போன காசை மட்டும் எண்ணுவேன் என்று ஒருவர் பிடிவாதமாக நின்றால் 58இல் 36, அதாவது 62 வீதம். வேறொரு பொருளாளர், நிகழ்ச்சியின் செலவைத் தனியாகக் காட்டாமல், "நிகழ்ச்சி மூலம் நிகர வருமானம் 9.2 இலட்சம்" என்று ஒரே வரியில் எழுதிவிடுவார். அப்போது மொத்தச் செலவு 55.2 ஆகக் குறைந்து, திட்டத்தின் பங்கு 91 வீதமாக ஏறிவிடும். ஒரு சதம்கூட இடம் மாறவில்லை. எழுதிய விதம் மட்டும்தான் மாறியது.

இதைவிட மோசமானது அடுத்த கட்டம். 62 வீதம் என்ற எண்ணைப் பார்த்து கொடையாளர்கள் முகம் சுளிக்கிறார்கள் என்று வையுங்கள். நிர்வாக சபை கூடி, ஹட்டன் உத்தியோகத்தரை நிறுத்திவிடுகிறது. மொத்தச் செலவு 50.8 ஆகிறது; கையில் போகும் பங்கு 71 வீதமாக உயர்கிறது. ஆண்டறிக்கை அழகாக இருக்கும். எந்தப் பிள்ளை பாடசாலையை விட்டு கொழும்புக் கடைக்கு வேலைக்கு வந்துவிட்டது, யாருடைய உதவிப்பணம் தகப்பனின் கடனுக்குப் போகிறது, யார் சாதாரணதரப் பரீட்சை எழுதவே இல்லை என்பது மட்டும் இனி ஒருவருக்கும் தெரியாது. பிள்ளை விலகி எட்டு மாதமான பின்பும் கணக்குக்குப் பணம் போய்க்கொண்டிருக்கும். அதுவும் "போய்ச் சேர்ந்த" பணமாகவே எண்ணப்படும்.

அந்தக் கராஜையும் மறக்க வேண்டாம். உறுப்பினர் ஒருவர் இலவசமாகக் கொடுத்த இடம் அது. அவர் வீட்டை விற்று மெல்பேர்னில் மகனிடம் போய்விட்டால், மாதம் 45,000 ரூபாய்க்கு ஓர் அறை எடுக்க வேண்டிவரும். நிர்வாகச் செலவு அன்றிலிருந்து இரட்டிப்பு. சங்கம் திடீரென்று ஊதாரியாகிவிட்டதா? இல்லை. முன்பு ஒருவர் கணக்கில் வராமல் கொடுத்துக்கொண்டிருந்தது இப்போது கணக்கில் வருகிறது.

நிர்வாகச் செலவு என்றால் திருட்டு அல்ல

அன்னதானத்துக்கு ஒரு மூடை அரிசி கொடுத்தவருக்கு, தன் அரிசி முழுவதும் இலையில் விழுந்ததைப் பார்க்கத் திருப்தி. காஸ் சிலிண்டருக்கும் சமையல்காரருக்கும் கிடாரம் கழுவியவருக்கும் கொடுத்தது யார்? யாரோ கொடுத்திருக்கிறார்கள். அரிசி சோறானது அவர்களால்தான். தருமப் பணிகள் எல்லாவற்றிலும் இந்தச் சமையலறைச் செலவு உண்டு. அது தெரியக்கூடாது என்று நாம் விரும்புவதால், நிறுவனங்கள் மறைக்கப் பழகிவிட்டன.

இஸ்லாத்தின் கட்டாயக் கொடையான ஸகாத் விதியில் இந்த நாசூக்கு இல்லை. அதைப் பெறத் தகுதியான எட்டு வகையினருள், சேகரித்துப் பகிரும் பணியாளர்களும் ஒரு வகையினர். வேலை செய்பவனுக்குக் கூலி உண்டு என்பது நேரடியாகவே ஒப்புக்கொள்ளப்பட்ட விடயம்.

எவ்வளவு வரை என்பதில் நாடுகளும் அமைப்புகளும் ஒத்துப்போவதில்லை. இந்தியாவில் வெளிநாட்டு நன்கொடை பெறும் நிறுவனங்கள் அதில் நிர்வாகத்துக்குச் செலவிடக்கூடிய உச்ச வரம்பு 50 வீதமாக இருந்தது. 2020இல் சட்டத்தைத் திருத்தி 20 வீதமாகக் குறைத்தார்கள். அமெரிக்காவின் பிபிபி என்ற கண்காணிப்பு அமைப்பு, மொத்தச் செலவில் குறைந்தது 65 வீதம் திட்டங்களுக்குப் போக வேண்டும் என்கிறது. அதே பிபிபியும், நிறுவனங்களுக்கு மதிப்பெண் கொடுத்துவந்த சரிட்டி நவிகேற்றர், அவற்றின் தகவல்களைத் திரட்டித் தந்த கைட்ஸ்டார் ஆகியவையும் 2013இல் ஒன்றாகக் கையெழுத்திட்டு அமெரிக்கக் கொடையாளர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதின: நிர்வாகச் செலவு வீதத்தை மட்டும் வைத்து ஒரு நிறுவனத்தை எடை போடாதீர்கள் என்று. அந்த வீதத்தைப் பிரபலப்படுத்தியவர்களே அப்படி எழுத வேண்டி வந்தது கவனிக்கத்தக்கது.

"உங்கள் பணம் நூறு வீதமும் பயனாளிக்கே" என்று எழுதியிருந்தால் என்ன அர்த்தம்? பொய்யாக இருக்கலாம். உண்மையாகவும் இருக்கலாம், ஆனால் அப்போது அலுவலகச் செலவை வேறு யாரோ கொடுக்கிறார்கள். நியூயோர்க்கில் 2006இல் தொடங்கிய சரிட்டி வோட்டர் அப்படித்தான் இயங்குகிறது: பொதுமக்கள் தருவது முழுவதும் நீர்த்திட்டங்களுக்கு, ஊழியர் சம்பளத்தையும் வாடகையையும் தனியாக ஒரு கொடையாளர் வட்டம் ஏற்கிறது. இது நேர்மையான ஏற்பாடு, ஏனென்றால் யார் கொடுக்கிறார்கள் என்று வெளிப்படையாகச் சொல்கிறார்கள். எங்கள் ஊரில் நூறு வீதம் என்று சொல்லும் இடத்தில் நான் கேட்கும் ஒரே கேள்வி, "அப்ப கணக்காய்வாளருக்கு ஆர் காசு குடுக்கிறது?" பதில் வந்தால் சரி. "எங்களுக்குக் கணக்காய்வே இல்லை" என்று பெருமையாகச் சொன்னால் நான் பணப்பையைத் திறக்க மாட்டேன்.

சில பணிகளில் சம்பளம்தான் சேவை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சட்ட உதவி, மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான பேச்சுப் பயிற்சி, உளவளத்துணை போன்றவற்றில் கொடுக்க ஒரு பொதியும் இல்லை. ஒரு மனிதரின் நேரம்தான் இருக்கிறது. 1974 முதல் இங்கே இயங்கும் சுமித்ரயோ, மனம் நொந்தவர்களுக்குக் காது கொடுக்கும் வேலையைத் தொண்டர்களை வைத்தே செய்கிறது. அந்தத் தொண்டர்களின் மணித்தியாலங்களுக்குக் கணக்கில் பெறுமதி இல்லை. அதே வேலையைச் சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்யும் நிறுவனத்தின் கணக்கில் "சம்பளம்" என்பதே பெரிய வரியாக இருக்கும். இரண்டையும் வீதத்தால் ஒப்பிடுவதில் பயன் இல்லை.

பொருளாகக் கொடுக்கும்போது

பழைய உடுப்பு, மருந்து, கொப்பி, பால்மா. கையில் தொட்டுக் கொடுக்கும் திருப்தி பெரிது, செலவும் பெரிது. கப்பலில் வரும் பொருளை இறக்க, விடுவிக்க, களஞ்சியத்தில் வைக்க, லொறியில் ஏற்ற, காலாவதியானதைப் பிரித்து அழிக்கக் காசு வேண்டும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிந்திய மாதங்களில் கொழும்புத் துறைமுகத்தில் நிவாரணக் கொள்கலன்கள் தேங்கிக் கிடந்தது பலருக்கும் நினைவிருக்கும்.

கணக்கேட்டிலும் பொருள் ஒரு வித்தை காட்டும். நமது கற்பனைச் சங்கத்துக்கு ஒரு பதிப்பகம் விற்காமல் கிடந்த பழைய பாடத்திட்டப் பயிற்சி நூல்களைக் கொடுக்கிறது என்று வையுங்கள். அட்டையில் அச்சிட்ட விலைப்படி 20 இலட்சம். அதை வருமானமாகவும் திட்டச் செலவாகவும் பதிந்தால், 78இல் 70 என்று 90 வீதத்தைத் தொட்டுவிடலாம். பிள்ளைகளுக்குக் கிடைத்தது, பாடத்திட்டம் மாறிய பின் பயன்படாத புத்தகம். அமெரிக்காவில் இதுவே பெரிய சர்ச்சையானது: உலகச் சந்தையில் சில சதத்துக்குக் கிடைக்கும் குடற்புழு மாத்திரையை, சில நிறுவனங்கள் ஒன்று 10 டொலருக்கு மேல் என்று பெறுமதியிட்டுத் தங்கள் அளவை ஊதிப் பெருக்கின.

"இதற்கு மட்டும்" என்று எழுதிக் கொடுத்த காசு

கொடையாளர் எந்த நோக்கத்துக்கென்று சொல்லிக் கொடுக்கிறாரோ, அந்தப் பணத்தை அதற்கு மட்டுமே செலவிடலாம். கணக்கில் இதைக் கட்டுப்படுத்தப்பட்ட நிதி என்பார்கள். "எங்கு தேவையோ அங்கு பாவியுங்கள்" என்று வருவது கட்டுப்படுத்தப்படாத நிதி. வங்கியில் ஒரு கோடி வைத்திருக்கும் நிறுவனம் ஏன் மின்சாரக் கட்டணத்துக்கு அலைகிறது என்ற புதிருக்கு விடை இங்கேதான் இருக்கிறது. அந்த ஒரு கோடி முழுவதும் கிணறு வெட்ட வந்த காசாக இருக்கும்.

ஆழிப்பேரலைக்குப் பின் இது எவ்வளவு விபரீதமாகப் போகலாம் என்று உலகமே பார்த்தது. சர்வதேச உதவியை ஆராய்ந்த கூட்டு மதிப்பீட்டுக் குழு 2006இல் சொன்ன ஒப்பீடு இது: ஆழிப்பேரலையால் பாதிக்கப்பட்ட ஒருவருக்கு ஏறத்தாழ 7,100 டொலர் கிடைக்கும் அளவுக்கு நிதி சேர்ந்தது, அதே 2004இல் பங்களாதேஷ் வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவருக்குத் தலைக்கு 3 டொலர். தொலைக்காட்சியில் தெரிந்த துயரத்துக்குப் பணம் குவிந்தது, தெரியாததற்கு இல்லை. ஆழிப்பேரலை என்று பெயரிட்டு வந்த பணத்தை வேறெங்கும் கொண்டுபோகவும் முடியாது. இலங்கைக்குள்ளேயே கடலோரத்தில் வீடிழந்தவருக்குக் கொடுக்கலாம், போரில் இடம்பெயர்ந்து பத்து மைல் உள்ளே முகாமில் இருந்தவருக்குக் கொடுக்க முடியாது என்ற நிலை கிழக்கிலும் வன்னியிலும் உண்மையாகவே எழுந்தது.

எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு அப்போது செய்த காரியத்தை நான் அடிக்கடி எடுத்துச் சொல்வேன். 2005 ஜனவரி முதல் வாரத்திலேயே, ஆழிப்பேரலைக்கு எங்களுக்கு வேண்டிய பணம் வந்துவிட்டது, இனி இதற்கென்று அனுப்ப வேண்டாம் என்று அறிவித்தது. ஏற்கெனவே கொடுத்தவர்களிடம் திரும்பப் போய், மற்ற அவசர நிலைகளுக்குப் பயன்படுத்தலாமா என்று அனுமதியும் கேட்டது. உலகம் முழுவதும் உண்டியல் குலுக்கிக்கொண்டிருந்த வாரத்தில் இப்படிச் சொல்ல நெஞ்சுரம் வேண்டும். மற்ற நிறுவனங்கள் சிலவற்றுக்கு அது எரிச்சலாகவும் இருந்தது.

கைமாறி வரும் பணம்

ஜெனீவாவிலிருந்தோ பிரஸ்ஸல்ஸிலிருந்தோ கிளம்பும் பணம் முல்லைத்தீவுக்கு நேராக வருவதில்லை. பெரிய கொடையாளர் ஒரு சர்வதேச நிறுவனத்துக்குக் கொடுப்பார், அதன் கொழும்பு அலுவலகம் ஒரு தேசிய நிறுவனத்துக்கு, அது ஓர் உள்ளூர்ச் சங்கத்துக்கு. ஒவ்வொரு படியிலும் மறைமுகச் செலவுக்கென்று, அதாவது அலுவலகத்தின் பொதுச் செலவுக்கென்று, ஒரு பங்கு எடுக்கப்படும். ஐரோப்பிய ஒன்றியத்தின் மானியங்களில் பொதுவாக 7 வீதம் வரை. யுனிசெப் பெரும்பாலான திட்ட நிதிகளில் 8 வீதம். தனியாகப் பார்த்தால் சிறிய தொகை. மூன்று படியில் ஏழேழு வீதம் கழித்துப் பாருங்கள்: 100, 93, 86, கடைசியில் 80. இதில் ஒவ்வோர் அலுவலகத்தினதும் சொந்தத் திட்ட ஊழியர் சம்பளம் இன்னும் சேரவில்லை.

இது தெரிந்துதான் 2016இல் இஸ்தான்புல் மாநாட்டில் பெரிய கொடையாளர்களும் நிறுவனங்களும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள்: 2020க்குள் மனிதாபிமான நிதியில் 25 வீதத்தை இயன்றவரை நேரடியாக உள்ளூர் அமைப்புகளுக்குக் கொடுப்பது என்று. அந்த ஆண்டு வந்து போனது. இலக்கு எட்டவில்லை.

கொழும்பு வாசிகளுக்கு "என்ஜிஓ" என்றதும் கண்முன் வருவது வெள்ளை நிற ஜீப். அந்தக் கேலியில் நியாயம் உண்டு, ஆனால் முழு நியாயம் இல்லை. 2005 ஜூனில் ஒக்ஸ்பாம், ஆழிப்பேரலை வேலைக்காக இந்தியாவிலிருந்து கொண்டுவந்த 25 நாற்சக்கர உந்து வாகனங்களுக்கு இங்கே சுமார் 10 இலட்சம் டொலர் சுங்க வரி கட்ட வேண்டியிருந்தது. கொடையாளர் கொடுத்த காசு அது. வாகனத்துக்கும் போகவில்லை, மக்களுக்கும் போகவில்லை, திறைசேரிக்குப் போனது. இன்றைக்கும் ஒரு சங்கம் கடையில் வாங்கும் பல பொருட்களில் 18 வீத பெறுமதி சேர் வரி ஒளிந்திருக்கிறது. 2017ஆம் ஆண்டின் உள்நாட்டு இறைவரிச் சட்டப்படி, அரச சார்பற்ற நிறுவனம் ஒன்று பெறும் நன்கொடையில் 3 வீதம் அதன் வருமானமாகக் கருதப்பட்டு வரிக்கு உட்படும். மீள்குடியேற்றம், மனிதாபிமான நிவாரணம் போன்ற வேலைகளுக்கு விலக்குப் பெற வழி உண்டு.

வங்கியில் கிடக்கும் காசு

"இவ்வளவு காசை வங்கியில் வைத்துக்கொண்டு ஏன் இன்னும் கேட்கிறீர்கள்?" இதுவும் அடிக்கடி வரும் குறை. சில இடங்களில் நியாயமான குறை. பொதுவாக, மூன்று முதல் ஆறு மாதச் செலவுக்குப் போதுமான ஒதுக்கம் வைத்திருப்பது பொறுப்பான நடைமுறை. வைத்திருக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு லண்டனின் கிட்ஸ் கம்பனி உதாரணம். 1996இல் தொடங்கி, ஏழைப் பிள்ளைகளுக்கு வேலை செய்த பெரிய நிறுவனம். வந்ததையெல்லாம் அவ்வப்போதே செலவு செய்து, ஒதுக்கம் சேர்க்கவேயில்லை. 2015 ஆகஸ்டில், அரசாங்கம் 30 இலட்சம் பவுண் கொடுத்துச் சில நாட்களிலேயே, கதவை மூடியது. பொறுப்பாளர்களைத் தகுதி நீக்கக் கோரிய வழக்கு 2021இல் தோற்றது, அவர்கள் திருடவில்லை. பிள்ளைகளுக்கு என்னவோ திருட்டும் ஒதுக்கம் இல்லாமையும் ஒன்றுதான், மறுநாள் நிலையம் பூட்டியிருந்தது.

நமக்கு 2022 இருக்கிறது. மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபா அளவில் இருந்தது, மே மாதத்தில் 360ஐத் தொட்டது. செப்டெம்பரில் கொழும்புப் பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியது. வெளிநாட்டிலிருந்து டொலராகப் பெற்ற நிறுவனங்கள் ஓரளவு சமாளித்தன. கொழும்பிலேயே ரூபாவாகச் சேர்த்தவர்களுக்கு இரட்டை அடி: கொடுப்பவர் கை சுருங்கியது, கேட்பவர் வரிசை நீண்டது.

எங்கள் சமூகத்தில் பிரபலமான இன்னொரு வகை, தாத்தா பெயரில் ஒரு தொகையை நிலையான வைப்பிலிட்டு வட்டியில் புலமைப்பரிசில் கொடுப்பது. முதல் அழியாது என்ற நிம்மதி. ஆனால் வட்டி வீதம் நிலையானது அல்ல. 2022 இறுதியில் 20 வீதத்துக்கு மேல் கிடைத்தது. 2024இல் புதிய வைப்புகளுக்கு ஒற்றை இலக்கத்துக்கு வந்துவிட்டது. 10 இலட்சத்துக்கு 2 இலட்சம் வட்டி வந்த இடத்தில் 80,000 வந்தால், ஐந்து பிள்ளைக்குக் கொடுத்தவர் இரண்டு பிள்ளைக்குத்தான் கொடுக்க முடியும். அந்த நல்ல ஆண்டில் வட்டி முழுவதையும் பகிர்ந்துவிடாமல் பாதியை முதலோடு சேர்த்தவர்கள் புத்திசாலிகள்.

கணக்கை எப்படிப் பார்ப்பது

உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு படித்தவர்கள் பயப்படத் தேவையில்லை. இலாப நோக்கமற்ற அமைப்பின் கணக்கு என்று படித்தோமே, அதேதான். சிறிய சங்கங்கள் பெறுவனவு கொடுப்பனவுக் கணக்கு மட்டும் காட்டும்: காசு வந்தது, காசு போனது. ஓரளவு வளர்ந்தவை வருமானச் செலவுக் கணக்கும், சொத்தையும் கடனையும் காட்டும் ஐந்தொகையும் தயாரிக்கும். இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் இத்தகைய அமைப்புகளுக்கென்றே ஒரு பரிந்துரை நடைமுறையையும் வெளியிட்டிருக்கிறது.

நான் முதலில் பார்ப்பது மொத்தங்களை அல்ல, "ஏனைய செலவுகள்" என்ற வரியை. அது மற்ற வரிகளைவிடக் கொழுத்திருந்தால் உள்ளே என்ன என்று கேட்க வேண்டும். அடுத்தது ஐந்தொகையில் "பெறவேண்டியவை". நிர்வாக சபை உறுப்பினருக்குக் கொடுத்த முற்பணம் இரண்டு ஆண்டாக அப்படியே இருக்கிறதா? பிறகு, தொடர்புடையோருடன் நடந்த கொடுக்கல் வாங்கல். தலைவரின் மச்சானுடைய வான் வாடகைக்கு ஓடுவது தன்னளவில் குற்றமில்லை. சந்தை விலையிலும் குறைவாகவே ஓடலாம். அது குறிப்பில் எழுதப்பட்டிருக்கிறதா என்பதுதான் விடயம்.

புதிதாகப் பார்ப்பவர்கள் ஒரு வரியைக் கண்டு அநியாயத்துக்குப் பதறுவார்கள். கணக்காய்வாளர் அறிக்கையில், ரொக்கமாக வந்த நன்கொடைகள் பற்றுச்சீட்டு எழுதப்படுவதற்கு முன் முழுமையாகச் சேர்ந்தனவா என்று உறுதிப்படுத்த இயலவில்லை என்று எழுதியிருக்கும். உண்டியலும் கையில் கொடுக்கும் காசும் உள்ள எந்த அமைப்பிலும் இது வழமையான குறிப்பு. தேர் அன்று தட்டில் விழுந்ததை எந்தக் கணக்காய்வாளரும் நின்று எண்ண முடியாது. பதற வேண்டியது, கணக்காய்வு அறிக்கையே இரண்டு மூன்று வருடம் பிந்தியிருந்தால். கணக்காய்வாளர் வருடத்துக்கு வருடம் மாறிக்கொண்டிருந்தால். பணம் சங்கத்தின் பெயரில் அல்லாமல் செயலாளரின் சொந்த வங்கிக் கணக்குக்குக் கேட்கப்பட்டால்.

பதிவு இருக்கிறதா என்றும் பார்க்கலாம். 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அரச சார்பற்ற நிறுவனங்களுக்கான செயலகத்தில், அல்லது 2007ஆம் ஆண்டின் கம்பனிச் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாக, அல்லது நம்பிக்கைப் பொறுப்பாக, அல்லது பாராளுமன்றச் சட்டமொன்றின் மூலம் கூட்டிணைக்கப்பட்டதாக இருக்கலாம். பதிவு என்பது இருப்புக்குச் சான்று, நேர்மைக்கு அல்ல.

100ஆம் இலக்க பஸ்ஸில் பிளாஸ்ரிக் உறையிட்ட வைத்தியக் கடிதத்தைக் கொண்டுவந்து நீட்டுபவருக்கும், முகப்புத்தகத்தில் பிள்ளையின் படத்தோடு சத்திரசிகிச்சைக்குக் காசு கேட்பவருக்கும் இந்த அளவுகோல் எதுவும் பொருந்தாது. அங்கே விசாரிக்க வேண்டியது வைத்தியசாலையில். அந்த வைத்தியசாலையின் கணக்குக்கே நேரடியாகக் கட்டலாமா என்று கேட்டால் பல சந்தேகங்கள் உடனே தெளியும்.

செலவானது சரி, என்ன நடந்தது?

எல்லா வீதங்களையும் தாண்டி, வெள்ளவத்தைச் சங்கத்திடம் நான் கேட்க விரும்பும் எண் வேறு. 58 இலட்சத்தை 150ஆல் பிரித்தால் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 38,700 ரூபா. அதில் கையில் கிடைப்பது 24,000. மீதி 14,700 ரூபா என்ன செய்தது? அந்தக் காசால் 150 பேரில் 140 பேர் பாடசாலையில் தரித்திருந்து பரீட்சை எழுதினார்கள் என்றால், 24,000 ரூபாவை மட்டும் கொடுத்து, யார் இருக்கிறார்கள் யார் போனார்கள் என்றே தெரியாத "செலவில்லாத" சங்கத்தைவிட இதுவே மலிவு. எதுவும் மாறவில்லை என்றால் 86 வீதம் என்று ஆண்டறிக்கையில் அச்சடித்து என்ன பயன்? உதவி இல்லாமலே படித்திருக்கக்கூடிய பிள்ளைகளையே தேர்ந்தெடுத்திருக்கிறார்களோ என்ற கேள்வியும் இருக்கிறது. அதற்குப் பதில் சொல்வது கடினம். பக்கத்துத் தோட்டத்தில் உதவி பெறாத பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்று பார்த்தால் ஓரளவு தெரியும். அதைப் பார்ப்பதற்கும் ஹட்டனில் ஓர் ஆள் வேண்டும்.

எது பயன் தரும் என்பது இடத்தைப் பொறுத்தது. அமெரிக்காவில் 2007இல் தொடங்கிய கிவ்வெல் என்ற ஆய்வு அமைப்பு, ஒரு டொலரில் அதிக உயிர் காக்கும் வேலைகளில் ஒன்றாக ஆபிரிக்காவில் கொசுவலை விநியோகிப்பதை நீண்டகாலமாகப் பரிந்துரைத்துவருகிறது. அதே வலையை மலேரியாவுக்கென்று கொழும்பில் பகிர்ந்தால் நிர்வாகச் செலவு பூச்சியமாக இருந்தாலும் வீண். இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டெம்பரிலேயே சான்றளித்துவிட்டது. நம்மைக் கடிப்பது டெங்கு நுளம், அதுவும் பகலில்.

கொடுப்பவருக்கு ஒரு கணக்கு

வருமான வரி கட்டுபவர்கள் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். அங்கீகரிக்கப்பட்ட தரும நிறுவனம் ஒன்றுக்குப் பணமாகக் கொடுத்த தொகையைத் தனிநபர் ஒருவர் வரிக்குரிய வருமானத்திலிருந்து கழிக்கலாம். 75,000 ரூபா அல்லது வரிக்குரிய வருமானத்தில் மூன்றில் ஒன்று, இவற்றில் எது குறைவோ அதுவரை. மதிப்பீட்டு ஆண்டு மார்ச் 31இல் முடிகிறது. பதிவு பெற்ற சங்கங்கள் எல்லாம் இந்தப் பட்டியலில் வராது. நோயாளரையும் வறியவரையும் பராமரிக்கும் வேலைக்காகத் தனியாக அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். ஆகவே கொடுக்கும் முன்பே பொருளாளரிடம் அந்த அங்கீகாரக் கடிதத்தைக் கேட்டுவிடுங்கள். நூறு ரூபாயில் எவ்வளவு போகும் என்ற கேள்வியைவிட அவருக்குச் சுலபமாகப் பதில் சொல்லக்கூடிய கேள்வி அது.